பள்ளியில் பிஹேவியர் அனலிஸ்ட் வேலை: ஆஃபர் லெட்டரில் எந்தப் பெயரைக் கேட்டு வாங்குவது?

மணல்வீடு | டாலஸ் | ஏப்ரல் 14, இரவு 9:40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வந்து படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

நான் பிசிபிஏ, அதாவது அமெரிக்க போர்டு ஒன்றின் சான்றிதழ் பெற்ற பிஹேவியர் அனலிஸ்ட்: ஒரு பிள்ளையின் நடத்தைக்குக் காரணம் பார்த்துத் திட்டம் போடும் வேலை. ஆறு வருடம் ஆட்டிசம் கிளினிக்கில் வேலை பார்த்தேன். கிளினிக் பிழைப்பு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: இன்சூரன்ஸ், மணிக்கணக்கு, பில்லிங் டார்கெட், வீடு வந்து சேர இரவு ஏழரை. பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. அவனுக்கு லீவு விடும்போது எனக்கும் லீவு வேண்டும் என்று பள்ளி டிஸ்ட்ரிக்ட்களுக்கு (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது.

முதல் இடத்தில் பதவியின் பெயர் ‘பிஹேவியர் ஸ்பெஷலிஸ்ட்’. வருடத்துக்கு 187 நாள், 68,000 டாலர், நான்கு பள்ளிகள். இரண்டாவது இடத்தில் ‘டிஸ்ட்ரிக்ட் பிஹேவியர் அனலிஸ்ட்’. 207 நாள், 72,000 டாலர், பதினொரு பள்ளிகள்.

முதல் இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவர் முன்னாள் ஃபுட்பால் கோச். நல்ல மனிதர், இன்டர்வியூவில் பார்த்தேன், பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்கிறார்கள். ஆனால் மாஸ்டர்ஸ், வருடக்கணக்கில் மேற்பார்வை நேரம், 4 மணி நேரம் 185 கேள்வித் தேர்வு எல்லாம் முடித்துவிட்டு நானும் அவரும் ஒரே பெயர் என்றால் மனது கொஞ்சம் சுணங்குகிறது. ஈகோதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர், “பேரை வைத்து என்ன பண்ணப் போகிறாய், ஆளைத்தானே கூப்பிடுவார்கள்” என்கிறார்.

ஐந்து வருடம் கழித்து வேறு மாநிலம் போனாலோ கிளினிக்குக்கே திரும்பினாலோ ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்ற சொல் என்னைக் கீழே இழுக்குமா? பள்ளிக்குள் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஆஸ்டின் | ஏப்ரல் 14, இரவு 10:05

பெயர் கிடக்கட்டும், முதலில் வகுத்துப் பாருங்கள்.

68,000 ÷ 187 = நாளுக்கு 363 டாலர் 64 சென்ட்.
72,000 ÷ 207 = நாளுக்கு 347 டாலர் 83 சென்ட்.

பெரிய பெயருக்கு நாளுக்கு 15 டாலர் 81 சென்ட் குறைவு. இன்னொரு மாதிரி பார்த்தால், கூடுதலாக 20 நாள் வேலைக்கு 4,000 டாலர், அதாவது நாளுக்கு 200. பையனுடைய லீவுக்காகத்தானே கிளம்பினீர்கள்? அவன் வீட்டில் இருக்கும் நான்கு வாரம் நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். அந்த நான்கு வாரத்துக்குச் சம்மர் கேம்ப் ஃபீஸ் வேறு.

மணல்வீடு | டாலஸ் | ஏப்ரல் 14, இரவு 10:12

ஐயோ. இதை நான் போட்டே பார்க்கவில்லை. டேட்டா பார்த்து முடிவெடுப்பதுதான் என் தொழில் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

வெப்பஅலை | ஹூஸ்டன் | ஏப்ரல் 14, இரவு 11:20

நான் பள்ளி சைக்காலஜிஸ்ட், 14 வருடம். டெக்சஸில் எங்கள் லைசென்ஸின் பெயர் எல்எஸ்எஸ்பி, ‘லைசென்ஸ்டு ஸ்பெஷலிஸ்ட் இன் ஸ்கூல் சைக்காலஜி’. வேறு மாநிலத்துக்காரரிடம் சொன்னால் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். ஆகவே பெயர்த் தொல்லையில் நாங்கள் உங்களுக்கு மூத்தவர்கள், தங்கச்சி.

இரண்டு ஆஃபரிலும் நீங்கள் பார்க்க வேண்டியது காண்ட்ராக்ட் என்ன வகை என்பதை. டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 21-ம் அத்தியாயத்தில் வரும் காண்ட்ராக்ட்டுக்குத்தான் பாதுகாப்பு அதிகம். நீக்க வேண்டுமென்றால் காரணம், நோட்டீஸ், விசாரணை எல்லாம் வேண்டும். அது ஆசிரியர், கவுன்சிலர், நூலகர், நர்ஸ், அப்புறம் மாநில ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமாக உள்ள மற்ற வேலைகளுக்கு. உங்களிடம் பிசிபிஏ மட்டும் இருந்து ஆசிரியர் சான்றிதழ் இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் வைப்பார்கள். மாநிலக் குறைந்தபட்சச் சம்பள அட்டவணையிலும் ஆசிரியர், நூலகர், கவுன்சிலர், நர்ஸ் இந்த நான்கு பேர்தான். உங்கள் சம்பளம் டிஸ்ட்ரிக்ட் தானாக வகுத்த கிரேடுதான். பட்ஜெட் இறுகினால் முதலில் கண்ணில் படுவது அந்த வரிசை. டிஆர்எஸ் பென்ஷன் மட்டும் எல்லோருக்கும் பொது.

லைசென்ஸைப் பற்றி ஒன்று. 2017-ல் வந்த டெக்சஸ் சட்டப்படி எல்பிஏ, அதாவது பிஹேவியர் அனலிஸ்ட்டுக்கான லைசென்ஸ், டிடிஎல்ஆர் என்ற மாநில லைசென்ஸ் துறை கையில். பள்ளி ஊழியர் தன் வேலைக்குள் செய்யும் ஏபிஏவுக்கு (பிஹேவியர் அனலிஸ்ட்கள் பயன்படுத்தும் முறை) விலக்கு இருக்கிறது. அதை நம்பி லைசென்ஸைக் காலாவதியாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விடாதீர்கள். பள்ளி வாசலைத் தாண்டி ஒரு குழந்தைக்குக் காசு வாங்கிச் செய்ய வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது.

அப்புறம், கோபித்துக்கொள்ளாதீர்கள், கிளினிக்கிலிருந்து நேராக வருபவர்கள் “நான் அனலிஸ்ட், எஃப்பிஏ எல்லாம் இனி என் கையெழுத்தில்தான்” என்று முதல் வாரமே ஆரம்பிப்பது எங்களுக்கு எரிச்சல். எஃப்பிஏ என்றால் ஒரு நடத்தை ஏன் வருகிறது என்று கண்டறியும் மதிப்பீடு. ஐடியா என்ற மத்திய சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1997 திருத்தத்தில்தான் எஃப்பிஏவே உள்ளே வந்தது. ஒழுங்கு நடவடிக்கையாக ஒரு பிள்ளையை 10 பள்ளி நாளுக்கு மேல் வெளியே வைத்தால், அந்தச் செயல் அவன் குறைபாட்டால் வந்ததா என்று பார்த்து, ஆம் என்றால் எஃப்பிஏ செய்து திட்டம் போட வேண்டும். யார் செய்ய வேண்டும் என்று சட்டம் பெயர் சொல்லவே இல்லை. சார்புச் சேவைகள் பட்டியலில் ஸ்பீச் தெரபி, ஓடி (ஆக்குபேஷனல் தெரபி), பிடி (பிசியோதெரபி), நர்ஸ், சமூகப் பணி எல்லாம் உண்டு. நடத்தை உத்திகள் வகுக்க உதவுவது ‘உளவியல் சேவை’ என்ற தலைப்புக்குள் வருகிறது. பிஹேவியர் அனலிஸ்ட் என்ற சொல் அந்தப் பட்டியலில் கிடையாது.

மூணாம்பெஞ்சு | ஃப்ரீமாண்ட் | ஏப்ரல் 15, காலை 7:15

> யார் செய்ய வேண்டும் என்று சட்டம் பெயர் சொல்லவே இல்லை.

சொன்னால் மட்டும் என்ன ஆகும் என்று கலிபோர்னியாக் கதையைக் கேளுங்கள்.

இங்கே 1990-ல் ஹியூஸ் மசோதா என்று ஒன்று நிறைவேறியது. கடுமையான நடத்தை உள்ள சிறப்புக் கல்விப் பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று அதன் கீழ் வந்த விதிகள் மிக விரிவானவை. அந்த விதிகளில் ஒரு பதவியே பிறந்தது: ‘பிஹேவியரல் இன்டர்வென்ஷன் கேஸ் மேனேஜர்’, சுருக்கமாக பிஐசிஎம். அதற்குப் பயிற்சி, அதற்குப் பட்டியல், அதற்கென்றே பயிற்சி நடத்திப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். நான் அப்போது ஸ்பெஷல் எட் ஆசிரியன். அந்தப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி ஃப்ரேம் போட்டு வைத்தவன்.

2013-ல் ஏபி 86 என்ற சட்டம் வந்தது. அந்த விதிகள் போயின, பதவியும் போயிற்று. ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கார்டில் இருக்கும் பெயருக்குச் சட்டத்தில் இடமில்லை. எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஒரு அம்மா அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே கார்டைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார், பெட்டியில் மிச்சம் இருந்ததாம்.

இப்போது கல்விச் சட்டம் 56525-ம் பிரிவு, பிசிபிஏ நடத்தை மதிப்பீடும் சேவையும் செய்யலாம் என்கிறது. அடுத்த மூச்சிலேயே, டிஸ்ட்ரிக்ட் பிசிபிஏவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. மாப்பிள்ளையை வரச் சொல்லிவிட்டுப் பந்தியில் இலை போடாத கதை.

சம்பளத்தை முடிவு செய்வது இங்கே வேறொரு கோடு. ஊழியர்களை ‘சர்டிஃபிகேட்டட்’, ‘கிளாசிஃபைடு’ என்று இரண்டு பெட்டியில் போடுவார்கள். ஆசிரியர், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் முதல் பெட்டி. அலுவலகம், பஸ், சமையல், வகுப்பு உதவியாளர் இரண்டாவது. மாநிலத்தில் பிசிபிஏவுக்கென்று கல்விச் சான்றிதழ் (கிரெடென்ஷியல்) எதுவும் கிடையாது. ஆகவே பிசிபிஏ மட்டும் உள்ளவர் இரண்டாவது பெட்டியில் விழ வாய்ப்பு அதிகம். பென்ஷனே வேறு: முதல் பெட்டிக்குக் கால்ஸ்டர்ஸ், இரண்டாவதுக்குக் கால்பெர்ஸ். யூனியனும் பெரும்பாலும் வேறு. அங்கிருந்து ‘புரோகிராம் ஸ்பெஷலிஸ்ட்’ ஆகலாம் என்று பார்த்தால் அதற்கும் கிரெடென்ஷியல் வேண்டும். என்னிடம் பழைய ஆசிரியர் கிரெடென்ஷியல் இருந்ததால் 2016-ல் தாண்டினேன். என்னைவிட நன்றாக எஃப்பிஏ எழுதும் பெண் ஒருத்தி, பிசிபிஏ மட்டும் உள்ளவள், அங்கேயே நிற்கிறாள். அவளுடைய பதவிப் பெயர்தான் என்னுடையதைவிடப் பெரியது.

மணல்வீடு, இன்டர்வியூவில் பெயரைக் கேட்டீர்கள். யாருக்குக் கீழே வேலை என்று கேட்டீர்களா? வாக்கி-டாக்கி கையில் தருவார்களா என்று கேட்டீர்களா?

மணல்வீடு | டாலஸ் | ஏப்ரல் 15, மதியம் 12:30

வாக்கி-டாக்கியா?

மூணாம்பெஞ்சு | ஃப்ரீமாண்ட் | ஏப்ரல் 15, மதியம் 1:02

ஆமாம். அதுதான் உங்கள் உண்மையான பதவிப் பெயர்.

பெயரில் ‘பிஹேவியர்’ இருக்கிறவர் கையில் ரேடியோ இருந்தால், எந்த வகுப்பில் நாற்காலி பறந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஓடுவீர்கள். பிள்ளையைச் சமாதானப்படுத்தி நடக்க வைத்துக் கூட்டிப் போவீர்கள். ஆசிரியருக்கு அந்த 20 நிமிடம் நிம்மதி. பிள்ளைக்கும் கணக்குப் பாடத்திலிருந்து விடுதலை. அடுத்த நாள் கணக்கு வகுப்பில் மறுபடி நாற்காலி பறக்கும். இதில் யார் யாருக்கு வெகுமதி கொடுத்துப் பழக்கினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடக் கடைசியில் பார்த்தால் ஒரு ஆசிரியருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டீர்கள், தீயணைப்பு வண்டி மாதிரி ஓடியது மட்டும்தான் மிச்சம்.

‘இன்டர்வென்ஷனிஸ்ட்’ என்று போட்டால் இது இன்னும் மோசம். ‘கோச்’ என்று போட்டால் கொஞ்சம் குறையும், ஏனென்றால் கோச் என்றால் பெரியவர்களுக்குச் சொல்லித் தருபவர் என்று பிரின்சிபாலுக்கே தோன்றும். ‘எம்டிஎஸ்எஸ்’ (பிள்ளைகளுக்குப் படிப்படியாக உதவி தரும் பள்ளித் திட்டம்) என்று ஆரம்பிக்கும் பதவி என்றால் ரேடியோ கிடையாது, மீட்டிங்தான், மீட்டிங்குக்கு மேல் மீட்டிங்.

செங்கல்சூளை | ஃபீனிக்ஸ் | ஏப்ரல் 15, இரவு 8:47

நான் இந்தத் தொழில் இல்லை. பத்து வயது மகன், பேச்சு இல்லை, ஐபேடில் தட்டித்தான் சொல்வான். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா?

போன ஐஇபி மீட்டிங்கில், அதாவது அவனுக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பேசும் கூட்டத்தில், ஏழு பேர். எல்லோரும் பெயரும் பதவியும் சொன்னார்கள். அதில் ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்று முடிந்தவை மட்டும் மூன்று. நானும் மனைவியும் தலையாட்டினோம். வெளியே வந்து காரில் உட்கார்ந்து, “இதில் நாளைக்குக் காலையில் அவன் பஸ்ஸிலிருந்து இறங்க மாட்டேன் என்றால் யாருக்கு போன் பண்ண வேண்டும்?” என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவன் இறங்க மாட்டேன் என்றான். வந்து அவன் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தது பாரா, வகுப்பு உதவியாளர். அந்த ஏழு பேரில் அவர் இல்லை, அவரை மீட்டிங்குக்குக் கூப்பிடவே இல்லை.

இன்னொன்று. ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில், “நடத்தையைப் பார்க்க ஒருத்தர் வந்தார்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. “பச்சப் புள்ளைக்கு நடத்தை சரியில்லைன்னு எவ சொன்னா?” என்றார். அன்றிலிருந்து வீட்டில் ‘அனலிஸ்ட் மேடம்’ தான்.

கிழக்குத்தாம்பரம் | சென்னை | ஏப்ரல் 16, காலை 6:10

செங்கல்சூளை அண்ணா, உங்கள் அம்மா சொன்னதை நான் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறேன். நம் ஊரில் நடத்தை என்றால் டிசியில் ‘நடத்தை: நன்று’ என்று எழுதுகிறார்களே, அதுதான். பெண்பிள்ளை என்றால் இன்னும் மோசமான அர்த்தம். அட்மிஷன் படிவத்தில் ‘பிஹேவியர் தெரபி’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு தாத்தா எழுந்து போயே விட்டார். நான் இப்போதெல்லாம் “பழக்கவழக்கம்” என்றுதான் பேசுகிறேன். துல்லியம் இல்லை, ஆனால் எழுந்து போகிறவர்கள் இல்லை.

இங்கே நிலவரம் கேட்பவர்களுக்காக: நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு உண்டு. ஒரு தனியார் பள்ளியில் வேலை. 1992 ஆர்சிஐ சட்டப்படி, அதன் பட்டியலில் உள்ள தொழிலைப் பதிவில்லாமல் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பட்டியலில் ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாம் உண்டு, பிஹேவியர் அனலிஸ்ட் இல்லை. ஆனால் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடத்தை சார்ந்த நலப் பிரிவுக்குள் ‘பிஹேவியரல் அனலிஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கிறது. காகிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். பள்ளி நிர்வாகத்துக்கு அது தெரியவே தெரியாது என்பது வேறு.

பிசிபிஏ வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். அதைத் தருகிற அமெரிக்க போர்டு 2023 ஜனவரியிலிருந்து இந்தியா போன்ற நாடுகளில் இருந்து புதிதாக விண்ணப்பம் வாங்குவதில்லை. பாதி மேற்பார்வை நேரம் முடித்திருந்த தோழிகள் இருந்தார்கள், அந்த வருடம் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது ஐபிஏஓ என்ற சர்வதேச அமைப்பு தருகிற ஐபிஏ சான்றிதழ், அல்லது க்யூஏபிஏ என்ற இன்னொரு சான்றிதழ் அமைப்பின் வழி என்று போகிறார்கள். பள்ளியில் என் அட்டையில் ‘ஸ்பெஷல் எஜுகேட்டர்’ என்றுதான் இருக்கிறது. அதுதான் ஆர்சிஐ எண்ணோடு ஒத்துப்போகும் பெயர்.

ஸ்கார்பரோ_பனி | டொரொண்டோ | ஏப்ரல் 16, காலை 9:33

வணக்கம். ஒன்டாரியோவில் நிலைமை கொஞ்சம் வேறு.

2024 ஜூலை 1-இலிருந்து இங்கே இது ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். உளவியலாளர்களின் கல்லூரிதான் இப்போது உளவியலாளர்களுக்கும் பிஹேவியர் அனலிஸ்ட்களுக்கும் பொதுவான கல்லூரி. கல்லூரி என்றால் படிக்கிற இடம் இல்லை, பதிவு செய்கிற அமைப்பு. அதில் பதிவு இல்லாத ஒருவர் தன்னை பிஹேவியர் அனலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள ஏலாது. பிசிபிஏ இருந்தாலும் பதிவு வேண்டும்.

பள்ளிக்கூடப் பக்கம் பார்த்தால், 2007-இல் மாகாணக் கல்வி அமைச்சு 140-ஆம் இலக்கக் கொள்கைச் சுற்றறிக்கை விட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கல்வியில் ஏபிஏ முறைகளைச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. நான் ஒரு பள்ளி போர்டில் ‘ஏபிஏ ஃபெசிலிட்டேட்டர்’ ஆக வேலை செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2024-இல் நான் பதிவு எடுத்தேன். என்னோடு அதே வேலை செய்கிற இன்னொருவர் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் பதவிப் பெயர் இன்றைக்கும் ஃபெசிலிட்டேட்டர்தான், சம்பளமும் ஒன்றுதான். பெற்றோரோடு கதைக்கும்போது மட்டும் நான் என்னை அனலிஸ்ட் என்று சொல்லலாம், அவர் சொல்லக்கூடாது.

ஓம், கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் போன மாசம் ஒரு தகப்பன் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மகனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது.

சிராங்கூன்_மழை | சிங்கப்பூர் | ஏப்ரல் 16, இரவு 8:05

எங்கள் ஊரில் ‘அலைட் எஜுகேட்டர், லேர்னிங் அண்ட் பிஹேவியரல் சப்போர்ட்’ என்று ஒரு பதவி இருந்தது. மூச்சு வாங்கும். ஏஇடி எல்பிஎஸ் என்போம். இப்போது அதையே ‘எஸ்இஎன் ஆபீசர்’ ஆக்கிவிட்டார்கள், சிறப்புக் கல்வித் தேவைகள் அதிகாரி. சாதாரணப் பள்ளிகளிலேயே வேலை. பெயர் மாறியதில் ‘பிஹேவியரல்’ என்ற சொல்லே காணாமல் போய்விட்டது, கவனித்தீர்களா? வேலை அதேதான். என் சகோதரி பத்து வருடமாக அந்த வேலையில் இருக்கிறாள். “ஆபீசர் என்றதும் அங்கிள்மார் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்கள்” என்பதுதான் அவள் கண்ட மாற்றம்.

ஒற்றைச்செருப்பு | எடிசன் | ஏப்ரல் 16, இரவு 11:58

நான் ஆட்டிஸ்டிக். 27 வயதில்தான் தெரிய வந்தது. என் தம்பிக்கு நான்கு வயதிலேயே தெரிந்தது, அதனால் ஏபிஏ எல்லாம் அவனுக்குத்தான் கிடைத்தது. கையை ஆட்டாமல் மேசைமேல் வைத்தால் ஒரு ஸ்கிட்டில்ஸ் மிட்டாய். அவனுக்கு இப்போது 24 வயது, பதற்றம் வந்தால் இன்றும் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான்.

சிங்கப்பூர்க்காரர் சொன்னதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. ‘பிஹேவியர்’ என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததும் ‘ஸ்டூடன்ட் சப்போர்ட்’, ‘இன்க்ளூஷன் கோச்’ என்று போர்டை மாற்றுகிறார்கள். கடைக்குள் அதே சரக்கு. நீங்கள் எல்லோரும் உங்கள் பெயருக்காக இவ்வளவு யோசிக்கிறீர்கள். பிள்ளையின் ஃபைலில் ‘நான்-கம்ப்ளையன்ட்’, ‘அக்ரெசிவ்’ என்று போடும் பெயர்களுக்கு இதில் கால்வாசி யோசித்திருப்பீர்களா?

வெப்பஅலை | ஹூஸ்டன் | ஏப்ரல் 17, காலை 6:40

அப்படியே எல்லோரையும் ஒரே கூடையில் போடாதீர்கள் தம்பி. உங்கள் தம்பிக்கு நடந்தது இருபது வருடத்துக்கு முன்பு. இன்று அப்படி யாரும்

வெப்பஅலை | ஹூஸ்டன் | ஏப்ரல் 17, காலை 6:52

மன்னிக்கவும், பாதியில் அனுப்பிவிட்டேன். முடிக்கவும் விருப்பமில்லை. ‘இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை’ என்று எழுத வந்தேன், போன மாதம் ஒரு வகுப்பில் நானே பார்த்தது ஞாபகம் வந்துவிட்டது.

மணல்வீடு | டாலஸ் | ஏப்ரல் 17, காலை 8:20

ஒற்றைச்செருப்பு, பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் முதல் இரண்டு வருடம் கிளினிக்கில் ‘கை மேசைமேல்’ திட்டம் நானும் எழுதியிருக்கிறேன். சூப்பர்வைசர் சொன்னார், எழுதினேன் என்று சொல்லலாம், ஆனால் கையெழுத்து என்னுடையது. பிறகு நிறுத்தினேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவனை ஒருநாள் கடையில் பார்த்தேன், அவன் என்னைக் கண்டதும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

பெயரை மாற்றி மறைத்துக்கொள்ள வேண்டாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அனலிஸ்ட் என்று போட்டிருந்தால் ஒரு பெற்றோர் என்னிடம் வந்து கேள்வி கேட்கலாம், சான்றிதழ் தந்த போர்டில் புகார் கொடுக்கலாம். ‘சப்போர்ட் கோச்’ மீது யாரிடம் புகார் கொடுப்பது?

ஒற்றைச்செருப்பு | எடிசன் | ஏப்ரல் 17, காலை 11:03

சரி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. புகார் கொடுக்கிற வழி பெற்றோருக்கு எழுத்தில் போகட்டும், வாய்ச்சொல்லாக வேண்டாம்.

புதுத்துடைப்பம் | சார்லட் | ஏப்ரல் 17, மாலை 5:15

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நான் பள்ளியில் பாரா, ஆன்லைனில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ‘பாரா’ என்ற பதவியில் இருந்தால் பிசிபிஏவுக்கான நேரம் கணக்கில் வராது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

மணல்வீடு | டாலஸ் | ஏப்ரல் 17, மாலை 6:02

பதவிப் பெயர் தடை இல்லை. 2,000 மணி நேரம் வேண்டும், தீவிர மேற்பார்வை வழியில் 1,500. அதில் குறைந்தது 60 சதவீதம் மதிப்பீடு, கிராஃப், திட்டம் எழுதுதல், மற்றவர்களுக்குப் பயிற்சி போன்ற வேலையாக இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டத்தை நடத்துவது மீதிக் கணக்கில்தான் வரும். பாராவாக நாள் முழுக்க அதுதானே செய்வீர்கள், அங்கேதான் சிக்கல். தகுதியுள்ள மேற்பார்வையாளர் ஒருவரைப் பிடித்து, வாரத்துக்குச் சில மணி நேரம் அந்த மற்ற வேலைகளைக் கொடுக்கப் பிரின்சிபாலிடம் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த பிரின்சிபாலுக்குத் தெரியாது.

மூணாம்பெஞ்சு | ஃப்ரீமாண்ட் | ஏப்ரல் 17, இரவு 9:30

மணல்வீடு, நீங்கள் முதலில் கேட்ட ரெஸ்யூமே கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் ஊர்க்கதைக்குப் போய்விட்டோம்.

நான் இப்போது ஆள் எடுக்கும் பேனலில் உட்காருகிறேன். ரெஸ்யூமேயில் பதவிப் பெயரைத் தாங்களாகவே மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. ஹெச்ஆர் பழைய இடத்துக்கு போன் செய்தால் அங்கே அவர்கள் கணினியில் உள்ள பெயரைத்தான் சொல்வார்கள். அங்கே ‘ஸ்பெஷலிஸ்ட்’, இங்கே ‘அனலிஸ்ட்’ என்றால் சந்தேகம்தான் வரும், சான்றிதழ் தந்த போர்டின் நெறிமுறைப்படியும் அது நல்லதல்ல. அவர்கள் கொடுத்த பெயரை அப்படியே போட்டு, பக்கத்திலேயே பிசிபிஏ, எல்பிஏ என்று போடுங்கள். கீழே வரியில் வேலையைச் சொல்லுங்கள்: எத்தனை எஃப்பிஏ, எத்தனை ஆசிரியருக்குப் பயிற்சி, எத்தனை ஆர்பிடியை (பிள்ளையோடு உட்கார்ந்து திட்டத்தை நடத்தும் டெக்னீஷியன்) மேற்பார்வை பார்த்தீர்கள். நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். கிளினிக்குக்குத் திரும்பினால் அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் லைசென்ஸ் எண்ணை, இன்சூரன்ஸுக்கு வேண்டியது அதுதான்.

அந்தக் கோச்சைப் பற்றி எழுதினீர்களே, அவரோடு ஒரு காபி குடியுங்கள். எந்த ஆசிரியர் உதவி கேட்பார், எவர் கேட்கவே மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அது தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

மணல்வீடு | டாலஸ் | மே 6, இரவு 10:18

என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்காக.

முதல் இடத்தையே எடுத்துக்கொண்டேன். 187 நாள், நான்கு பள்ளிகள். பெயரை அனலிஸ்ட் ஆக்க முடியுமா என்று கேட்டேன். ஹெச்ஆர் பெண், பெயர் ஜாப் கோடோடு ஒட்டியது, மாற்ற வேண்டுமென்றால் பள்ளி போர்டு மீட்டிங்கில் வைக்க வேண்டும், வருடம் ஆகும் என்றார். சரி, பெயர் இருக்கட்டும், மற்றதைப் பேசலாம் என்று வெப்பஅலை அக்காவும் மூணாம்பெஞ்சும் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

பிசிபிஏவுக்காக வருடம் 2,000 டாலர் ஸ்டைபெண்ட் தருகிறார்கள். அப்படி ஒரு தலைப்பே அவர்களிடம் இல்லை. இருமொழி ஆசிரியருக்குத் தரும் ஸ்டைபெண்டைக் காட்டிக் கேட்டேன், புதிதாகப் போட்டார்கள். 21-ம் அத்தியாயக் காண்ட்ராக்ட் கிடைக்காது, ஆசிரியர் சான்றிதழ் எடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். பள்ளித் துணை முதல்வருக்குக் கீழே போடுவதாக இருந்ததை மாற்றி, சிறப்புக் கல்வி டைரக்டருக்குக் கீழே. பணி விவரத்தில் ஆர்பிடி மேற்பார்வை என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

ரேடியோ உண்டு. இல்லாமல் முடியவே முடியாதாம். ஆனால் செவ்வாய், வியாழன் இரண்டு நாள் அது கோச்சிடம் இருக்கும், அந்த நாட்களில் நான் வகுப்பில் ஆசிரியர்களோடு. கோச்சே முன்வந்து சொன்னது இது. காபி குடித்தோம், அவர் இரண்டு டோனட் சாப்பிட்டார்.

எழுத்தில் கொடுக்க ஒரு தாள் தயார் செய்கிறேன், பெற்றோருக்கு: நான் யார், என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், என்மீது குறை இருந்தால் எங்கே சொல்ல வேண்டும். முதல் வரைவை ஒற்றைச்செருப்புக்கு அனுப்பினேன். பாதியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தமிழிலும் போட வேண்டும், இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ‘நடத்தை’க்கு என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

கிழக்குத்தாம்பரம் | சென்னை | மே 7, காலை 6:02

சொல்லே வேண்டாம் அக்கா. “உங்கள் பிள்ளைக்கு வகுப்பில் எது கஷ்டமாக இருக்கிறது, எப்போது, ஏன் என்று பார்க்க வருகிறேன்” என்று நீளமாகவே எழுதிவிடுங்கள். தாத்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

செங்கல்சூளை | ஃபீனிக்ஸ் | மே 7, காலை 7:45

அந்தத் தாளில் போன் நம்பர் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஆஸ்டின் | மே 7, காலை 8:10

70,000 ÷ 187 = 374 டாலர் 33 சென்ட். வாழ்த்துகள்.

நான்கு பள்ளிக்கும் உங்கள் காரில்தானே போகிறீர்கள்? வரித்துறை ஐஆர்எஸ் கணக்கு 2025-க்குக் கார்ச் செலவு மைலுக்கு 70 சென்ட். டிஸ்ட்ரிக்ட் தருகிறதா?

மணல்வீடு | டாலஸ் | மே 7, காலை 8:31

கேட்கவே இல்லை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பதினோரு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள்.